பைக் என்ஜின் ஆயில்: பார்ப்பதும் மாற்றுவதும்

பைக் வைத்திருப்பவர்களிடம் என்ஜின் ஆயில் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "சர்வீஸ் விடும்போது மாத்திடுவாங்க." மாற்றுகிறார்கள், சரி. ஆனால் ஒரு சர்வீஸுக்கும் அடுத்த சர்வீஸுக்கும் நடுவே போகிற மூன்று நான்கு மாதத்தில், உள்ளே ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள்தான் அதிகம். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஒருவருக்கு ஆயில் மாற்றுவதற்கு முன்பே ஆயில் பார்க்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. பழைய ஆயிலில் ஓடும் என்ஜின் மெதுவாகத்தான் தேயும். ஆயில் குறைந்துபோய் ஓடும் என்ஜின் ஒரே பயணத்தில் பிடித்துக்கொள்ளும். அதன்பிறகு சிலிண்டர் போர் வேலை, பிஸ்டன், ரிங், கிராங்க் என்று செலவு ஆயிரக்கணக்கில் போகும். பார்ப்பதற்கு ஆகும் செலவு ஒரு துண்டுத் துணி.

உள்ளே அது செய்யும் வேலை

ஸ்பிளெண்டரை எடுத்துக்கொள்வோம். எந்த ஊருக்குப் போனாலும் கண்ணில் படும் வண்டி, அமைப்பும் எளிது. என்ஜின் 97.2 சிசி. நிமிடத்துக்கு 5000 சுற்றில் ஓடும்போது பிஸ்டன் ஒரு விநாடியில் எண்பது தடவைக்கு மேல் ஏறி இறங்குகிறது. பிஸ்டனுக்கும் அது ஓடும் சிலிண்டர் துளையான போருக்கும் நடுவே நிற்பது மெல்லிய ஆயில் படலம்தான். அந்தப் படலம் அறுந்தால் உலோகமும் உலோகமும் நேராக உரசும், சூடேறும், கடைசியில் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். மெக்கானிக்குகள் 'என்ஜின் சீஸ் ஆயிடுச்சு' என்று சொல்வது இதைத்தான்.

உரசலைக் குறைப்பதோடு அதன் வேலை முடிவதில்லை. இந்த மாதிரி வண்டிகளில் ரேடியேட்டர் கிடையாது. வெளியே சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகள் காற்றில் சூட்டை விடுகின்றன. உள்ளே பிஸ்டனின் அடிப்பக்கத்திலிருந்தும் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டிலிருந்தும் சூட்டை வாங்கிக் கீழே கொண்டுவருவது ஆயில். பெட்ரோல் எரிந்த கரி, தேய்ந்து உதிரும் உலோகத் தூள் எல்லாவற்றையும் தன்னோடு இழுத்துக்கொண்டு வருவதும் அதுதான். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குக்கும் போருக்கும் இடையே உள்ள நூலளவு இடைவெளியை அடைத்து அழுத்தம் கசியாமல் பார்த்துக்கொள்கிறது. வண்டி நிற்கும்போது உள்பாகங்கள் துருப்பிடிக்காமலும் காக்கிறது.

இதுவரை சொன்னது காருக்கும் பொருந்தும். பைக்கில் கூடுதலாக ஒன்று உண்டு. காரில் கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில். இன்றைய பைக்குகள் அநேகமாக எல்லாவற்றிலும் என்ஜின், கியர், கிளட்ச் மூன்றுமே ஒரே ஆயிலில் ஓடுகின்றன. கியர்ப் பற்கள் ஆயிலைத் தொடர்ந்து நசுக்குவதால் அதன் கெட்டித்தன்மை சீக்கிரம் குறைகிறது. கிளட்ச் பிளேட்டுகள் அதே ஆயிலில் நனைந்தபடியே வழுக்காமல் பிடிக்கவும் வேண்டும். காருக்குப் பொருந்தும் ஆயில் கணக்கு பைக்குக்குப் பொருந்தாததற்குக் காரணம் இந்த மூன்று வேலைதான். கடையில் எந்த டப்பாவை வாங்குவது என்பதும் இதை வைத்தே முடிவாகிறது.

ஒரு சின்ன விலகல். ஆர்எக்ஸ் 100, பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர் போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் கணக்கே வேறு. அவற்றில் 2டி எனப்படும் டூ ஸ்ட்ரோக் ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து புகையாகப் போய்விடும். கியருக்குத் தனி ஆயில். எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக் ஆகிவிட்டது. இந்தக் கட்டுரை ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குகளைப் பற்றியது.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம்

ஸ்பிளெண்டர் வகை வண்டியில் ஆயில் மாற்றும்போது ஊற்றுவது ஏறத்தாழ 800 மில்லி. ஒரு சிறிய காரில் ஏறத்தாழ மூன்று லிட்டர் போகும். காரில் 200 மில்லி குறைந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பைக்கில் 200 மில்லி குறைந்தால் மொத்தத்தில் கால்பங்கு போய்விட்டது என்று அர்த்தம். மீதியுள்ள 600 மில்லி அதே சூட்டையும் அதே கரியையும் சுமக்க வேண்டும். அதனால் அதுவும் வேகமாகக் கெடும். இன்னும் குறைந்தால், மலைப்பாதை ஏற்றத்திலோ திடீர் பிரேக்கிலோ ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும்போது பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். ஹெட்டில் வால்வுகளைத் திறக்கும் கேமும் ராக்கரும் உயரத்தில் இருப்பதால் முதல் அடி அங்கேதான் விழும். மேலே 'டக டக' சத்தம் கேட்டால் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்தச் சின்ன வண்டிகள் பலவற்றில் ஆயில் குறைந்தால் எரியும் விளக்கு கிடையாது. அதாவது, நீங்கள் பார்த்தால்தான் உண்டு.

கேஜை எடுத்துப் பார்ப்பது

சமதளமான தரை வேண்டும். சைடு ஸ்டாண்டில் பார்த்தால் வண்டி இடதுபக்கம் சாய்ந்திருக்கும், ஆயிலும் சாய்ந்திருக்கும், அளவு பொய் சொல்லும். ஆகவே சென்டர் ஸ்டாண்டு. சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டி என்றால் ஒருவரை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

என்ஜினை ஸ்டார்ட் செய்து மூன்று நான்கு நிமிடம் ஐடிலில் ஓட விடுங்கள். அணைத்துவிட்டு இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். மேலே போன ஆயில் கீழே இறங்கிச் சேர அந்த நேரம் தேவை. நீண்ட தூரம் ஓட்டிவிட்டு வந்து அந்தச் சூட்டோடு மூடியைத் திறக்க வேண்டாம், கை சுடும்.

ஸ்பிளெண்டரில் வலதுபக்கம், கிக்கர் இருக்கும் கவரில், கையால் திருகித் திறக்கும் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். திறப்பதற்கு முன் அதைச் சுற்றியுள்ள மண்ணைத் துணியால் துடைத்துவிடுங்கள். பலரும் இதைச் செய்வதில்லை. மூடியைத் திருகும்போது அந்த மண் நேராக என்ஜினுக்குள் விழும். மூடியை வெளியே எடுத்தால் அதோடு ஒட்டியபடி ஒரு குச்சி வரும். அதுதான் கேஜ். நுனிக்குச் சற்று மேலே இரண்டு கோடுகள், நடுவே குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள் இருக்கும்.

முதலில் எடுக்கும்போது தெரியும் ஆயிலைக் கணக்கில் எடுக்காதீர்கள். வண்டி ஓடும்போது தெறித்தது அது. குச்சியைச் சுத்தமாகத் துடையுங்கள். பனியன் வேஸ்ட் நல்லது. ஆனால் நூல் பிரிந்து குச்சியில் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மறுபடி துளைக்குள் விடுங்கள். இங்கேதான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள்: ஹீரோ, ஹோண்டா வண்டிகளில் மூடியைத் திருகாமல், துளையின் விளிம்பில் சும்மா உட்கார வைத்துத்தான் பார்க்க வேண்டும். திருகிவிட்டால் குச்சி இன்னும் கீழே போகும், குறைவாக இருக்கும் ஆயில்கூட நிறைவாக இருப்பதுபோலத் தெரியும். வேறு நிறுவன வண்டிகளில் திருகிப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். வண்டியோடு வந்த கையேட்டில் ஆயில் பக்கத்தை மட்டும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டால் போதும்.

மறுபடி எடுத்துப் பாருங்கள். ஆயில் நனைத்த இடம் இரண்டு கோடுகளுக்கும் நடுவே இருந்தால் சரி. மேல்கோட்டை ஒட்டி இருந்தால் ரொம்ப நல்லது. கீழ்க்கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் அன்றைக்கே ஊற்ற வேண்டும். குச்சியில் எதுவுமே ஒட்டவில்லை என்றால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

பல்சர், அப்பாச்சி, புல்லட் போன்றவற்றில் பல மாடல்களுக்கு இந்தக் குச்சி வேலையே இல்லை. என்ஜினின் கீழ்ப்பக்கத்தில் வட்டமான ஒரு கண்ணாடி இருக்கும், பக்கத்தில் இரண்டு கோடு. வண்டியை நிமிர்த்திப் பிடித்தபடி குனிந்து பார்த்தால் ஆயில் மட்டம் தெரியும். கண்ணாடியில் வெளியே சேறு, உள்ளே கரி படிந்து மங்கிப்போயிருந்தால், வண்டியை மெல்ல இடமும் வலமும் சாய்த்துப் பாருங்கள். ஆயில் நகர்ந்தால் மட்டம் எது, கறை எது என்று புரிந்துவிடும்.

புது வண்டிக்கு மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். நாலைந்து வருடம் ஓடிய வண்டி, அல்லது தினமும் நெடுந்தூரம் ஓடும் வண்டி என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. வெளியூர்ப் பயணத்துக்கு முதல்நாள் கட்டாயம்.

கேஜில் தெரியும் மற்ற சேதிகள்

"தம்பி, ஆயில் கறுத்துப்போச்சு, மாத்திடலாமா?" என்ற கேள்வியை எல்லோரும் கேட்டிருப்போம். கறுப்பு நிறத்தை மட்டும் வைத்து ஆயில் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. ஆயிலில் கழுவும் ரசாயனங்கள் கலந்திருக்கின்றன. அவை கரியைப் பிடித்து ஆயிலுக்குள் மிதக்க வைப்பதால்தான் கறுக்கிறது. ஊற்றி ஆயிரம் கிலோமீட்டரில் நிறம் மாறினால் அது தன் வேலையைச் செய்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மாற்றும் நேரத்தைக் கிலோமீட்டரும் மாதமும் சொல்லட்டும்.

நிறத்தில் உண்மையாகவே பயப்பட வேண்டியது ஒன்று உண்டு: பால் ஊற்றிய டீ மாதிரி வெளுத்து, நுரைத்து இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. மழைக்காலத்தில் தினம் ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடி நிற்கும் வண்டிகளில் மூடியின் உள்பக்கத்தில் லேசாக இப்படிப் படியலாம். என்ஜின் முழுச்சூடு ஏறாததால் உள்ளே படியும் ஈரம் ஆவியாவதில்லை. ஒருநாள் அரைமணி நேரம் நன்றாக ஓட்டினால் அது போய்விடும். குச்சி முழுக்க அப்படி இருந்தால் விஷயம் வேறு. சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் ஏராளம். அப்படி மூழ்கிய வண்டியைக் கிக் அடிக்கவும் கூடாது, செல்ஃப் போடவும் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அதை அழுத்த முடியாது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முதலில் ஆயிலை இறக்கிப் பார்க்க வேண்டும். ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் எல்லாம் கழற்றிக் காயவைத்து, புது ஆயில் ஊற்றிச் சிறிது நேரம் ஓடவிட்டு, அதையும் இறக்கிவிட்டு மறுபடி ஊற்ற வேண்டும். இதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே போகிறதா? குச்சியை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால் கார்பரேட்டரிலிருந்து பெட்ரோல் உள்ளே இறங்குகிறது. ஆயில் நீர்த்துப்போகும், உடனே சரிசெய்ய வேண்டிய கோளாறு அது. துடைத்த துணியை வெயிலில் பிடித்துப் பார்த்தால் பொடிப்பொடியாக மின்னுகிறதா என்பதும் தெரியும். புது வண்டியின் முதல் சர்வீஸ் ஆயிலில் கொஞ்சம் மின்னுவது இயல்பு. உள்பாகங்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் தூள் அது. 500 முதல் 750 கிலோமீட்டருக்குள் முதல் சர்வீஸுக்கு அழைப்பதற்கு முக்கியக் காரணமே அந்த ஆயிலை வெளியே எடுப்பதுதான். பழகிய வண்டியில் மின்னினால், உள்ளே எதுவோ தேய்கிறது.

குறைந்தால் ஊற்றுவது, ஏன் குறைந்தது என்று பார்ப்பது

அதே ரக ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஐம்பது மில்லி ஊற்றுங்கள், ஒரு நிமிடம் விடுங்கள், கேஜ் பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டக் கூடாது. 'கொஞ்சம் கூட இருந்தா நல்லதுதானே' என்ற நினைப்பு தவறு. அதிகமான ஆயிலை அடியில் சுழலும் கிராங்க் கடைந்து நுரைக்க வைக்கும். நுரையில் காற்று இருப்பதால் படலம் நிற்காது. அழுத்தம் ஏறி சீல் வழியாகக் கசியும், காற்றுக்குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்குப் போகும். வண்டியும் பாரமாக இழுக்கும். கூடிவிட்டால் அடியில் ஆயிலை வெளியேற்றும் டிரெயின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்திக் கொஞ்சம் இறக்கிவிட வேண்டியதுதான்.

அவசரத்துக்கு வேறு கம்பெனி ஆயில்தான் கிடைக்கிறது என்றால், டப்பாவில் ரகம் அதே என்று இருந்தால் தாராளமாக ஊற்றலாம். ஆயில் இல்லாமல் ஓட்டுவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

ஊற்றிய பிறகு வண்டி இரவு நிற்கும் இடத்தில் தரையைப் பாருங்கள். சொட்டு இருந்தால் கசிவு. சொட்டு இல்லாமலே குறைகிறது என்றால் எரிகிறது. பின்னால் வருபவரைச் சைலன்சரைக் கவனிக்கச் சொல்லுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு வீச்சு நீலப்புகை வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல். ஆக்ஸிலேட்டர் முறுக்கும்போதெல்லாம் நீலப்புகை வந்தால் ரிங் தேய்ந்திருக்கலாம். குளிர்காலக் காலையில் தெரியும் வெள்ளாவி வேறு, அதற்குப் பயப்பட வேண்டாம்.

டப்பாவில் எழுதியிருப்பது

கடையில் வரிசையாக நிற்கும் டப்பாக்களில் பெரிய எழுத்தில் கவர்ச்சியான பெயர். நமக்கு வேண்டியது சின்ன எழுத்தில் இருக்கும் மூன்று குறிகள்.

முதலாவது 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40, 15டபிள்யூ-50 என்பது போன்ற எண்கள். ஆயில் எவ்வளவு கெட்டி என்பதை இது சொல்கிறது. டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பது. எண் சிறிதானால் குளிர்ந்த என்ஜினிலும் சட்டென்று ஓடும். பின்னால் உள்ள எண் 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் அதன் கெட்டித்தன்மை. ஸ்பிளெண்டருக்கு நிறுவனம் சொல்வது 10டபிள்யூ-30.

நம் ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சரி என்று பலர் 20டபிள்யூ-40 ஊற்றுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. வெளியே 40 டிகிரி வெயில் அடித்தாலும், மார்கழிக் குளிராக இருந்தாலும், ஓடும் என்ஜினுக்குள் ஆயிலின் சூடு அதைவிட மிக அதிகம். அந்தச் சூட்டை மனதில் வைத்துத்தான் உள்பாகங்களுக்கு இடையே இவ்வளவு இடைவெளி, பம்ப் இவ்வளவு தள்ள வேண்டும் என்று வடிவமைத்திருக்கிறார்கள். தேவைக்கு மேல் கெட்டியான ஆயில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஹெட்டுக்குப் போய்ச்சேர நேரமாகும், மைலேஜும் கொஞ்சம் குறையும். நிறைய ஓடித் தேய்ந்த என்ஜினில் சத்தம் குறைய மெக்கானிக் கெட்டி ஆயில் ஊற்றுவது உண்டு. அது நோயை மறைப்பதுதான்.

இரண்டாவது ஏபிஐ என்ற குறி, அதாவது அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் தரக்குறி. அதற்குப் பக்கத்தில் எஸ்ஜி, எஸ்ஜே, எஸ்எல், எஸ்என் என்று எழுத்துகள். இரண்டாவது எழுத்து ஆங்கில வரிசையில் பின்னால் போகப்போக ஆயில் புதிய தரம். கையேட்டில் சொன்னதோ அதற்குப் பிந்தியதோ இருந்தால் போதும்.

மூன்றாவதுதான் பைக்காரர்கள் அவசியம் பார்க்க வேண்டியது: ஜாசோ எம்ஏ. கார் ஆயில்களில் மைலேஜுக்காக வழுக்கலைக் கூட்டும் பொருள்களைச் சேர்க்கத் தொடங்கியபோது, அதே ஆயிலில் நனையும் பைக் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. இதற்காகவே 1990களின் கடைசியில் ஜப்பானில் பைக்குகளுக்கென்று தனித் தரம் கொண்டுவந்தார்கள். எம்ஏ, எம்ஏ2 என்றால் ஆயிலில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது. எம்பி என்றால் உலர்ந்த கிளட்ச் உள்ள ஸ்கூட்டர்களுக்கு. ஆக்டிவாவுக்கு வாங்கிய எம்பி ஆயில் வீட்டில் மிச்சம் இருக்கிறதே என்று பைக்கில் ஊற்றினால், ஆக்ஸிலேட்டர் முறுக்கும்போது என்ஜின் கத்தும், வண்டி நகராது. கார் ஆயிலும் அப்படித்தான். கடையில், "அண்ணே, 10டபிள்யூ-30, ஜாசோ எம்ஏ போட்டது குடுங்க" என்று கேட்டுவிட்டால் அண்ணன் சரியானதை எடுத்துக் கொடுப்பார். மினரலா சிந்தெடிக்கா என்பது இதற்கெல்லாம் பிறகுதான். சிந்தெடிக் சூட்டைக் கூடுதலாகத் தாங்கும், விலையும் அதிகம். 100 சிசி வண்டிக்கு நேரத்துக்கு மாற்றும் சாதாரண ஆயில் தாராளம்.

போலி ஆயில் நம் சந்தையில் உண்டு. மூடியில் சீல் உடையாமல் இருக்கிறதா, தயாரித்த தேதி அழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். நம்பிக்கையான கடையிலேயே வாங்குங்கள். காலி டப்பாவைத் தூக்கிப்போடும் முன் ஓட்டை போட்டுவிடுங்கள். அதிலேயே மறுபடி எதையாவது நிரப்பி விற்க முடியாது.

எப்போது மாற்றுவது

இதில் இரண்டு கட்சி. கம்பெனிக் கையேடுகள் வண்டிக்கு ஏற்ப 3000, 5000, 6000 என்கின்றன. சில புது வண்டிகளுக்கு 10,000 கிலோமீட்டர். தெருமுனை மெக்கானிக் 2000 என்பார். இருவர் சொல்வதிலும் காரணம் இருக்கிறது. கையேடு சொல்வது சரியான ரக ஆயில், நடுவில் பார்த்து நிரப்புவது இரண்டையும் சேர்த்துத்தான். மெக்கானிக் தினமும் பார்ப்பது யாரும் கேஜ் தொடாத வண்டிகளை. நெரிசலில் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்து, சிக்னலில் நின்றபடி ஓடும் நேரமெல்லாம் கிலோமீட்டர் மீட்டரில் ஏறாது. ஆனால் ஆயிலுக்கு அது வேலை நேரம்தான். உணவு டெலிவரி செய்பவர்களின் வண்டிகளுக்கு இது முழுக்கப் பொருந்தும். சாதாரண ஆயில் ஊற்றிய 100, 125 சிசி வண்டி நகரத்தில் ஓடினால் 3000 கிலோமீட்டர் என்பது என் கணக்கு. வாரண்டி உள்ள வண்டிக்குக் கையேடு சொல்வதே இறுதி. ஓடவே ஓடாமல் நிற்கும் வண்டிக்கும் வருடம் ஒருமுறை மாற்ற வேண்டும். நின்ற இடத்திலேயே ஈரமும் காற்றும் ஆயிலைக் கெடுக்கும்.

மாற்றும் முறை

தேவை: சரியான ஆயில், 17 ரிங் ஸ்பேனர் (ஸ்பிளெண்டருக்கு இது; மற்ற வண்டிகளில் போல்ட் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்), புது வாஷர், புனல், அகலமான பழைய பேசின், துணி, கையுறை. ஓப்பன் ஸ்பேனர் வேண்டாம், அது வழுக்கிப் போல்ட்டின் முனைகளை மழுங்கடிக்கும்.

வண்டியை மூன்று நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். இளஞ்சூட்டில் ஆயில் இளகியிருக்கும், அடியில் படிந்த கசடும் சேர்ந்து இறங்கும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, மேலே கேஜ் மூடியைத் திறந்து வையுங்கள். காற்று நுழைந்தால்தான் ஆயில் தடையில்லாமல் இறங்கும். என்ஜினுக்கு அடியில் இருக்கும் டிரெயின் போல்ட்டைத் துடைத்துவிட்டு, ஸ்பேனரால் தளர்த்தி, கடைசிச் சில சுற்றுகளைக் கையால் திருகுங்கள். கையால் திருகும்போது போல்ட்டை மேல்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டே திருகி, முழுதும் கழன்றதும் சட்டென்று விலக்கினால் கையில் ஆயில் கொட்டாது, போல்ட்டும் பேசினுக்குள் விழாது. சைலன்சர் பக்கத்தில்தான் இருக்கும், முழங்கையைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

பத்து நிமிடம் வடிய விடுங்கள். தாரை சொட்டாகக் குறைந்ததும் சாவியை அணைத்த நிலையிலேயே நாலைந்து முறை கிக்கரை மெதுவாக மிதியுங்கள். இன்னும் கொஞ்சம் வரும். சில பட்டறைகளில் டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றிக் கழுவுவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கிளட்ச் பிளேட்டிலும் மூலை முடுக்கிலும் தங்கும் மிச்சம் புது ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும்.

வடிந்துகொண்டிருக்கும்போது போல்ட்டைப் பாருங்கள். அதன் வாஷர் அலுமினியமோ செம்போ, நசுங்கி அடைப்பதற்காகவே மென்மையாகச் செய்தது. ஏற்கெனவே நசுங்கியது மறுபடி சரியாக அடைக்காது. சில ரூபாய்தான், புதிது போடுங்கள். பழைய வாஷர் என்ஜின் பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் மேலேயே புதியதைப் போட்டால் கசியும்.

போல்ட்டைத் திரும்பப் போடும் இடம்தான் இந்த வேலையிலேயே அதிகச் சேதம் நடக்கும் இடம். போல்ட் எஃகு, என்ஜினின் அடிப்பாகம் அலுமினியம். கோணலாக ஏற்றினாலோ, பலம் கொண்டமட்டும் இறுக்கினாலோ தோற்பது அலுமினியம்தான். மரை போய்விட்டால் என்ஜினைப் பிரிக்கும் அளவுக்கு வேலை வரலாம். ஆகவே முதல் நாலைந்து சுற்று விரலால் மட்டுமே. விரலால் ஏற மறுத்தால் கழற்றி மறுபடி நேராக வையுங்கள். அப்புறம் ஸ்பேனர்: வாஷர் தொட்டு நின்றதும் அரைச்சுற்றுக்குள் கெட்டியாகப் பிடிக்கும். ஸ்பேனரின் நடுவில் பிடித்து மணிக்கட்டு பலத்தில் இறுக்கினால் போதும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் கையேட்டில் சொன்ன அளவை வையுங்கள்.

ஃபில்டர் விஷயம் வண்டிக்கு வண்டி மாறும். ஸ்பிளெண்டரில் காகித ஃபில்டர் கிடையாது. ஒரு வலையும், சுழற்சியில் கசடை ஒதுக்கித் தள்ளும் ஒரு கிண்ணமும் உள்ளே இருக்கின்றன. அவற்றைச் சுத்தம் செய்ய வலதுபக்கக் கவரைக் கழற்ற வேண்டும். அதை எப்போதாவது பெரிய சர்வீஸில் மெக்கானிக்கிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். பல்சர் போன்றவற்றில் சின்னக் காகித ஃபில்டர் தனி மூடிக்குள் இருக்கும். கழற்றும்போது எந்தப் பக்கம் உள்ளே இருந்தது, ஸ்பிரிங் எங்கே இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பிப் போட்டால் ஆயில் வழியே அடைபடலாம். மூடியின் ரப்பர் வளையத்தில் புது ஆயிலை ஒரு விரல் தடவிப் போடுங்கள், பிய்யாமல் உட்காரும்.

இப்போது புனல் வைத்து ஊற்றலாம். 900 மில்லி டப்பா என்றால் முழுவதையும் கவிழ்த்துவிடாமல் 700 மில்லியோடு நிறுத்தி, கேஜ் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே கொண்டுவாருங்கள். மூடியை மூடி, ஸ்டார்ட் செய்து, முறுக்காமல் மூன்று நிமிடம் ஐடிலில் விடுங்கள். அணைத்து, காத்திருந்து, மறுபடி கேஜ். ஃபில்டர் மாற்றியிருந்தால் அது குடித்த அளவு இப்போது குறைந்திருக்கும், ஊற்றுங்கள். அடியில் போல்ட்டைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள், ஈரம் இருக்கக் கூடாது. அன்றைய கிலோமீட்டரையும் தேதியையும் எங்கேயாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டப்பாவில் மிஞ்சியது நடுவில் நிரப்ப உதவும்.

பேசினில் இருக்கும் பழைய ஆயிலைக் காலி டப்பா ஒன்றில் புனல் வைத்து ஊற்றி அளந்து பாருங்கள். பல டப்பாக்களின் பக்கவாட்டில் அளவுக் கோடுகள் இருக்கும். போன தடவை 800 ஊற்றி இப்போது 750 வந்தால் என்ஜின் நல்ல நிலையில் இருக்கிறது. நடுவில் எதுவும் நிரப்பாமல் 500தான் வந்தது என்றால், கேஜ் பார்க்கும் இடைவெளியைப் பாதியாக்குங்கள், காரணத்தையும் தேடுங்கள்.

அளந்த பிறகு அந்த ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். அதில் உலோகத் தூளும், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ரசாயனங்களும் இருக்கின்றன. கிணற்று நீருக்கும் மண்ணுக்கும் ஆகாது. கதவு, கட்டில், மாட்டுக்கொட்டகைத் தூண்களுக்குக் கரையான் வராமல் பூசும் வழக்கம் ஊர்ப்பக்கம் இன்னும் உண்டு. குழந்தைகளும் ஆடுமாடுகளும் தொடும் இடத்தில் அதைப் பூச வேண்டாம். சைக்கிள் செயினுக்கும் வேண்டாம், அதிலுள்ள தூள் செயினைத் தேய்க்கும். அபாயக் கழிவுகளுக்கான மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு விதிகளில் பழைய ஆயிலும் அடங்கும். அதைச் சேகரித்து மறுசுத்திகரிப்புக்கு எடுத்துச் செல்பவர்கள் இருக்கிறார்கள். ஆயில் மாற்றும் பெரிய சர்வீஸ் சென்டர்களில் அதற்காக டிரம் வைத்திருப்பார்கள். மூடி இறுக்கிய டப்பாவோடு போய், "இதையும் டிரம்முல ஊத்திக்கலாமாண்ணே?" என்று கேட்டால் வாங்கிக்கொள்வார்கள். தண்ணீரோ பெட்ரோலோ கலக்காமல் கொடுங்கள். கலந்தால் சுத்திகரிப்பது சிரமம். கையுறை போடாமல் வேலை செய்திருந்தால் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.